மூடிக் கணக்கு

என் தம்பி ததேயு என்னைவிட நான்கு வயது சின்னவன். நான் கண் விழித்தபோது அவன் எங்கள் அப்பாவின் வயதில் நின்றுகொண்டிருந்தான்.

அப்பா என்றே நினைத்தேன். செத்துப்போன மனிதர் கையில் கஞ்சி டம்ளரோடு நிற்கிறார், ஆகவே நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன் போலிருக்கிறது, மோட்சத்திலும் கஞ்சிதானா என்று எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட வந்தது. அப்புறம் அந்தக் கிழவர் வாயைத் திறந்தார்.

"எக்கா, மெதுவா எந்தி. தலை சுத்தும்."

அந்த 'எக்கா'வை அப்படி இழுத்துச் சொல்ல ஒருத்தனால்தான் முடியும். டம்ளரை வாங்காமல் அவன் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. முடி வெளுத்து, முன்னால் பாதி காணாமல் போயிருந்தது. இடது புருவத்து வெட்டுத் தழும்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வீரபாண்டியன்பட்டினத்துக் கடற்கரையில் அவனை நான் தள்ளிவிட்டதில் வந்த தழும்பு அது.

"ஏலே, உனக்கு என்னல ஆச்சு?"

"வயசாச்சு. வேற ஒண்ணுமில்ல. கஞ்சியக் குடி."

நான் கஞ்சியைக் குடிக்கவில்லை. பக்கத்துப் படுக்கையைப் பார்த்தேன். கண்ணாடி மூடிக்குள் என் மகள் பிலோமி உறங்கிக்கொண்டிருந்தாள். அதே ஐந்து வயது, அதே மஞ்சள் ரிப்பன், வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அப்படியே இருக்கிறாள் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வலம்புரி அறுநூறு பேரை உறங்க வைத்துச் சுமந்து போகிற கப்பல். எங்களுக்கென்று பார்த்து வைத்திருந்த கிரகத்துக்கு நேர்வழி கிடையாது. வழியின் கடைசிக் கட்டத்தில் ஓர் இரட்டை இருக்கிறது: ஒரு கருந்துளையும், அதைச் சுற்றி ஓடும் ஒரு விண்மீனும். கருந்துளை ஆட்டுக்கல், விண்மீன் குழவி என்று எங்கள் குழுவில் பெயர் வைத்திருந்தோம். கல்லின் இழுப்பைப் பயன்படுத்தி ஒரு வளைவு வளைந்து திசை திரும்ப வேண்டும். கல்லின் எடை தெரிந்தால்தான் எவ்வளவு தள்ளிப் போவது என்று தெரியும். எடையில் பிசகினால் திரும்ப வேண்டியதற்கு மேல் திரும்பிவிடுவோம். அப்புறம் வழிக்கு வர எரிபொருள் கிடையாது. எங்கும் போய்ச் சேராத இருட்டுக்குள் அறுநூறு பேரும் உறங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அந்த எடை பூமியிலிருந்தே கையோடு கொண்டுவந்த எண். அதைக் காவல் காப்பது என் வேலை. நான் குழுவின் தலைவி; ததேயு எனக்கு அடுத்தவன். உறக்கக் கூடத்தின் மின்வேலைகளையும் அவன்தான் பார்த்தான்.

உறங்கப் போன அன்று நடந்த சண்டையும் அப்போது நினைவுக்கு வந்தது. வாசலோரப் படுக்கையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். கேப்டன் உறங்கிப்போன பிறகு, மூடி போடுகிற நேரத்தில் இவன் வந்து, உள்ளே படுத்தால் மூச்சு முட்டும், வாசல் பக்கம் எனக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சின்ன வயதில் தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக என் கையைக் கடித்தவன்தானே. முப்பதை எட்டியும் புத்தி மாறவில்லை என்று நன்றாகத் திட்டிவிட்டு, அவனுக்கு வைத்திருந்த உள்படுக்கையில் பிலோமிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தேன். எனக்கு நேற்றுத் திட்டியது போல இருந்தது. திட்டு வாங்கியவன் கிழவனாகி நின்றான்.

ஓர் உடம்பு ஒருமுறைதான் அந்த உறக்கத்தைத் தாங்கும். எழுப்பிவிட்டால் எழுப்பியதுதான். மறுபடி படுக்க வைக்க முடியாது.

"எப்ப எந்திச்ச?"

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

"தனியாவா?"

"வேற யாரு இருக்கா இங்க? செடி இருக்கு. செடிகிட்ட பேசுவேன். கீரை நல்லாக் கேக்கும். தக்காளிக்குத்தான் கவனம் பத்தாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கருவியில கோளாறுன்னா முதல்ல என்னைத்தானல எழுப்பணும்? நான்தானே பொறுப்பு?"

"மெஷின் என்னைத்தான் எழுப்புச்சு. அதுகிட்டப் போய்ச் சண்டை போடு. சாவகாசமாப் போடு, இப்ப கேப்டனும் எந்திக்காக."

*

கேப்டன் ஜுலைகா காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி நாங்கள் அவரை அக்கா என்பதற்குப் பதில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அங்கே அண்ணனுக்குக் காக்கா. உறங்கப் போகும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ததேயுவைத் தம்பி, தம்பி என்று விரட்டிக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேஜைக்கு வந்து அவனைப் பார்த்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ். நேத்து வரைக்கும் தம்பின்னு கூப்பிட்ட புள்ள. இனிமே காக்கான்னுல்லா கூப்பிடணும்?"

"எப்படி வேணாலும் கூப்பிடுங்க லாத்தா. கூப்பிட ஆள் இருந்தாப் போதும்."

அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். லாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு கேப்டன் ஆனார்.

"சரி காக்கா. என்ன விசயம்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

அவன் சொன்னான். முப்பது வருடம் யாரிடமும் பேசாதவன் என்று சொல்லவே முடியாது, அவ்வளவு நிதானமாகச் சொன்னான்.

"கல்லு கண்ணுக்குத் தெரியாது. குழவிதான் தெரியும். குழவி எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு தெரிஞ்சா கல்லோட எடை தெரிஞ்சிரும். வேகத்த எப்படிப் பாக்கது? குழவியோட வெளிச்சத்தப் பிரிச்சா நிறமாலை. அதுல கோடு கோடா இருக்கும். நம்மளப் பாத்து வந்தா கோடு நீலத்துப் பக்கம் நகரும். விலகிப் போனா சிவப்புப் பக்கம். எவ்வளவு நகருதோ அவ்வளவு வேகம்."

"இதத்தானே பூமியிலயும் பாத்தாக?"

"இதத்தான் பாத்தாக. நூறு வருசமா யார் பாத்தாலும் ஒரே வேகம் வந்துச்சு. பிரச்சனையே அதுதான் லாத்தா. கல்லு குழவிகிட்ட இருந்து வாயுவ உறிஞ்சிக்கிட்டே இருக்கு. அந்த வாயு காஞ்சு எக்ஸ் கதிரா அடிக்கி. எங்க அடிக்கி? குழவி மூஞ்சியில. அடுப்பு முன்னால உக்காந்தா முன்பக்கம் மட்டும் வெளிச்சமாத் தெரியும் பாருங்க, அதே கதைதான். நமக்கு வார வெளிச்சம் எல்லாம் அந்தச் சூடான முன்பக்கத்துல இருந்து வருது."

"வரட்டுமே."

"முன்பக்கம் கல்லுக்குக் கிட்ட இருக்கு. ராட்டினத்துல நடுவுக்குக் கிட்ட உக்காந்தவன் மெதுவாச் சுத்துவான், ஓரத்துல உக்காந்தவன் வேகமாச் சுத்துவான். நாம உள்ள உக்காந்தவன் வேகத்த அளந்துட்டு, ராட்டினம் முழுசுக்கும் அதான் வேகம்னு சொல்லிட்டோம்."

நான் கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தேன். ஆயிரம் தடவை பார்த்த நிறமாலை. குழவியின் முகத்தில் வெயில் அடிக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்று ஒரு சின்னத் திருத்தமும் போட்டிருந்தோம். ஒருவர் போட்ட திருத்தத்தை அடுத்தவர் போட்டார், விடை ஒத்துப்போனது, ஒத்துப்போனதால் யாரும் மேலே தோண்டவில்லை.

"நிசமான வேகம் எப்படித் தெரியும்?" என்று லாத்தா கேட்டார்.

"எக்ஸ் கதிர் அடங்கணும். கல்லு சில சமயம் உறிஞ்சுறத நிறுத்திரும். அப்ப அடுப்பு அணைஞ்ச மாதிரி. குழவி முழுசாத் தன்னோட வெளிச்சத்துல தெரியும். பூமியில இருந்து பாத்த நூறு வருசத்துல ஒரு தடவகூட அது அடங்கல. நம்ம உறக்கத்துல அடங்குச்சு. கோடெல்லாம் இடம் மாறவும் மெஷின் கருவி பழுதுன்னு நெனச்சு என்னை எழுப்பிட்டு. கருவியப் பிரிச்சு மாட்டினேன். ஒரு பழுதும் இல்ல."

"வேகத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்?" இது நான்.

"அதச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீ அளக்கணும்லா. இப்ப மறுபடி அடங்கிருக்கு. அதுக்குத்தான் உன்னை எழுப்பினேன்."

லாத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கப்பலின் விதி அவருக்கு மனப்பாடம். பூமி கொடுத்த எண்ணை மாற்றுவதென்றால், விழித்திருக்கும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஒருவர் சொல் போதாது. அவர் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் போதாது. அது வராவிட்டால் கப்பல் பழைய எண்ணை வைத்தே திரும்பும்.

"அப்ப ரெண்டு பேரும் மூடிக் கணக்கா?" என்றார் லாத்தா.

"மூடிக் கணக்குதான்" என்றான் ததேயு. தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கூடத்தின் அந்தக் கோடியில் செடித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான்.

*

மூடிக் கணக்கு எங்கள் குழுவின் வழக்கம். இரண்டு பேர் ஒன்றை அளந்தால், இரண்டு விடையும் கணினிக்குள் மூடியே இருக்கும். இருவரும் முடித்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் திறக்கலாம். அதுவரை இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. விடை கசிவது எப்போதும் சாப்பாட்டு மேஜையில்தான். "என்ன, நானூறைத் தாண்டுமா?" என்று ஒருத்தர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்பார். அடுத்தவர் வாயைத் திறக்காவிட்டாலும் புருவம் பதில் சொல்லிவிடும். அப்புறம் அவருக்கே தெரியாமல் அவர் கணக்கு அந்தப் பக்கம் சாயும். யாரும் ஏமாற்றுவதில்லை. எதிர்பார்த்த விடை வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

பூமியில் அது ஒரு வேடிக்கையான விதி. கேண்டீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருப்போம். இங்கே வேடிக்கையாக இல்லை. முப்பது வருடம் தனியாகச் சாப்பிட்டவன், எதிரே அக்கா உட்கார்ந்திருக்கும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு கோடிக்குப் போகிறான். ஒருநாள் பொறுக்க முடியாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் போனேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"அங்கயே இருக்கா. உன் புருவம் பொல்லாதது. அதைவிட என் புருவம் பொல்லாதது."

அழுதுகொண்டேதான் திரும்பி வந்தேன். லாத்தா என் தட்டில் கீரையை வைத்தார்.

குழவி ஒன்றரை நாளுக்கு ஒரு சுற்று சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் அது முன்னால் வரும்போதும் பின்னால் போகும்போதும் நிறமாலை எடுத்தேன். எந்த நிறமாலையை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று வேலை தொடங்கும் முன்பே லாத்தாவிடம் சொல்லிவைத்தேன். எக்ஸ் கதிர் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் சேர்ப்பேன், மேலே போனால் தள்ளுவேன். நடுவில் மனம் மாறக் கூடாது.

கருவியை ததேயு வைத்திருந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிகளில் ஒரு தூசு இல்லை. தேய்ந்துபோன குளிர்விப்பான் பாகத்தைச் சாப்பாட்டுக் கூடத்துக் குழாயை வெட்டிச் செய்து மாட்டியிருந்தான். ஓரமாக இரண்டாவதாக ஓர் இருக்கை போட்டிருந்தான். என் உயரத்துக்குப் பொருத்தமாக அதை ஏற்றி இறக்கிச் சரிபார்த்திருக்கிறான். உட்கார்ந்ததும் என் கால் தரையில் சரியாகப் படிந்தது. நான் வருவேன் என்று எத்தனை வருடமாக அந்த இருக்கை காத்திருந்ததோ தெரியவில்லை.

வேலைக்கு நடுவே ஒருநாள் லாத்தா கேட்டபோதுதான் மற்றது வெளியே வந்தது. விடையைத் தவிர வேறு எதையும் ததேயு மறைக்கிறவன் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவான். அவன் தொட்டி ஓரத்தில் இருந்தான், நாங்கள் மேஜையில் இருந்தோம், நடுவில் தக்காளிச் செடிகள்.

"இந்த முப்பது வருசத்துல எத்தன தடவ அடங்குச்சு காக்கா?"

"இதோட நாலு."

லாத்தா கையைக் கழுவப் போனவர் அப்படியே நின்று என்னைக் காட்டினார். "நாலா? அப்ப ரெண்டாந்தடவையே எமியை எழுப்பியிருக்கலாமே? ரெண்டு பேரும் அளந்து அப்பவே முடிச்சிருக்கலாமே?"

"எழுப்பியிருக்கலாம்."

"ஏன் எழுப்பல?"

அவன் ஒரு கீரையைக் கிள்ளித் தட்டில் போட்டான். "அப்ப எழுப்பியிருந்தா அளந்து முடிச்சிருப்பா. பெறகு திரும்பப் படுக்க முடியாதுல்லா. எனக்குத் துணையா இருந்திருப்பா. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே கிழடாகியிருப்போம், நல்லாத்தான் இருந்திருக்கும். போய்ச் சேந்ததும் பிலோமி எந்திச்சு, எங்கம்மா எங்கன்னு கேப்பா. அம்பத்தஞ்சு வயசுப் பாட்டியக் காட்டணும். இல்லன்னா போட்டோவக் காட்டணும். அந்தப் புள்ளைக்கு அப்பனும் இல்ல."

"நாலாவது தடவ வராமப் போயிருந்தா? அறுநூறு பேரை வச்சுச் சூதாடியிருக்கீங்க."

"ஆமா லாத்தா. மூணு தடவையும் ஒரே இடைவெளியில வந்துச்சு, நாலாவதும் வரும்னு கணக்குப் போட்டேன். அது கணக்குதான், உறுதியில்ல. தப்புதான். திட்டுங்க."

லாத்தா திட்டினார். கேப்டன் என்ற முறையில் என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் சொன்னார். ததேயு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். சொல்லி முடித்ததும் லாத்தா அவன் தொட்டிப் பக்கம் போய், அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு வந்தார்.

நான் எழுந்து கருவி அறைக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் புழக்கத்தில் இல்லை. அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் நடுவில் அதைச் சொன்னால், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். அன்று அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

*

அதற்குப் பிறகுதான் வேலை கடினமானது.

என்னை அறியாமல் நான் ஒரு விடையை விரும்பத் தொடங்கிவிட்டேன். பூமியின் எண் தப்பாக இருக்க வேண்டும். ததேயு சொன்னது சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நரைமுடிக்கு என்ன அர்த்தம்? பழைய எண்ணே என் கணக்கிலும் வந்தால், அவனிடம் போய், ஏலே, நீ முப்பது வருடம் முழித்திருந்தது வீண் என்று எந்த வாயால் சொல்வேன்?

ஒரு சுற்றில் எடுத்த நிறமாலைகள் மட்டும் தனியாக, பழைய வேகத்துக்குக் கிட்டே காட்டின. குழவி இன்னும் முழுதாக அடங்கவில்லையோ என்று தோன்றியது. எக்ஸ் கதிர் நான் சொல்லிவைத்த அளவுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு மயிரிழைதான் கீழே. அளவை ஒரு துளி இறக்கினால் போதும், அவை தாமாகக் கழன்று விழுந்துவிடும். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

விரல் விசையின் மேல் இருந்தது. அப்போதுதான் அவன் ஏன் விடையைச் சொல்ல மறுத்தான் என்று எனக்கு உறைத்தது. என் அறிவில் அவனுக்குச் சந்தேகமில்லை. என் பாசத்தில்தான் பயம். அவன் எண்ணைச் சொல்லியிருந்தால், இந்நேரம் நான் அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இரண்டு எண்ணும் பல்லிளித்துக்கொண்டு ஒத்துப்போயிருக்கும். உள்ளே பிலோமி உறங்குகிறாள். அவளுக்கு வேண்டியது கல்லின் சரியான எடை. அவள் அம்மாவின் நன்றிக்கடனை வைத்துக் கப்பலைத் திருப்ப முடியாது.

விரலை எடுத்தேன். எல்லா நிறமாலைகளும் உள்ளேயே இருந்தன. என் விடை அதனால் கொஞ்சம் தளர்ந்தது, கூடக்குறைய வரும் அளவு அகன்றது. இருக்கட்டும் என்று விட்டேன்.

சில நாளில் கல் மறுபடி உறிஞ்சத் தொடங்கியது. எக்ஸ் கதிர் ஏறியது. குழவியின் முகம் மறுபடி பளபளத்தது. இனி எடுக்க ஒன்றுமில்லை. கணக்கை முடித்து, விடையை ஒருமுறை பார்த்து, மூடினேன். புருவத்தை அசைக்காமல் போய் லாத்தாவிடம் சொன்னேன்.

"முடிச்சிட்டேன்."

*

சாப்பாட்டு மேஜையில் லாத்தா நடுவில் உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம், ததேயு ஒரு பக்கம். லாத்தா பிஸ்மில்லா சொன்னார். ததேயு சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூமியின் எண் முதலில் இருந்தது: நொடிக்கு நானூற்று இருபத்தொன்று கிலோமீட்டர். அதன் கீழே என் எண் திறந்தது. நானூற்று அறுபத்தாறு. பிறகு அவன் எண். நானூற்று எழுபத்தொன்று.

லாத்தா நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டும் ஒண்ணில்லையே?"

"ஒண்ணா இருந்தாத்தான் லாத்தா சந்தேகப்படணும்" என்றேன். "அவன் பாத்தது பழைய மூணு அடக்கத்த. நான் பாத்தது இந்த ஒண்ணத்தான். என் கணக்கு ஏழெட்டு கூடக்குறைய வரும், அவன் கணக்கு ரெண்டு மூணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கிருது. பூமியோட எண் ரெண்டுக்கும் வெளிய நிக்கி."

"எடையில?"

"வேகத்துல பத்துல ஒரு பங்கு கூடினா எடையில மூணுல ஒரு பங்கு கூடும். கல்லு நாம நெனச்சதவிட அவ்வளவு கனம். பழைய எண்ண வச்சுத் திரும்பியிருந்தா..."

லாத்தா எழுந்து நின்று, கேப்டன் குரலில் கப்பலுக்குப் புது எண்ணைச் சொன்னார். கப்பல் அதைத் திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான். ஒரு மணி அடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை.

ததேயு இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது வயதுக் கிழவன், பரீட்சைத் தாளைக் கையில் வாங்கின பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"சரியாத்தான் பாத்திருக்கேன், என்னக்கா?"

"சரியாத்தான்ல பாத்திருக்க" என்றேன். "ரொம்பச் சரியாப் பாத்திருக்க."

"அப்ப சேந்து சாப்பிடலாமா?"

அவன் போய்க் குளிர்ப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தான். மாசிக் கருவாடு. பூமியிலிருந்து கொண்டுவந்தது. முப்பது வருடம் அதைத் தொடாமல் வைத்திருக்கிறான். தட்டிப் பொடித்து, தொட்டியிலிருந்து மிளகாய் பறித்துச் சம்பல் அரைத்தோம். லாத்தா உப்பு பத்தாது என்றார், நான் உறைப்பு அதிகம் என்றேன், ததேயு இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தான். அவன் குரல் உயர உயர எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடம் கழித்து அவன் வாதாடுவதற்கு எதிரே ஆள் கிடைத்திருந்தது. மூன்று பேரும் கஞ்சியில் கையை விட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்துப் பிலோமியைப் பார்க்கப் போனேன். லாத்தாவும் கூட வந்தார். உறக்கக் கூடத்தில் எல்லா மூடிகளும் சுத்தமாக இருந்தன. பிலோமியின் மூடி மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. தினமும் துடைத்திருக்கிறான். இன்னும் சில மாதங்களில் போய்ச் சேர்ந்ததும் அவளை எழுப்புவோம். அவளுக்கு ஐந்து வயது. எனக்கு முப்பத்துநான்கு. எந்தக் குறையும் இல்லாமல் எனக்கு அவள் கிடைப்பாள்.

வாசலோரப் படுக்கை மூடி திறந்து காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டும்போது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"மெஷின் அவனை எப்படி லாத்தா எழுப்புச்சு? என் பேருதானே முதல்ல இருந்துச்சு?"

"பேரா?" என்றார் லாத்தா. "மெஷினுக்குப் பேரெல்லாம் தெரியாது எமி. கணக்கு ஒட்டலன்னா வாசல் படுக்கையில கெடக்குற ஆளை எழுப்பும். அதுக்குத்தானே அந்தப் படுக்கைய உனக்குன்னு ஒதுக்கினேன். அந்த வயரையெல்லாம் மாட்டினதே காக்காதானே."

சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் அந்தக் காலிப் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூச்சு முட்டும் என்று சொன்னானே. ஒற்றைக்காலில் நின்றானே. பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்ட புத்தி போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் நான் திட்டினேனே. நீ போய்ப் பிலோமி பக்கத்துல படுத்துக்க என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவேயில்லை. எனக்கு ஜெயித்தவனிடம் தோற்ற எரிச்சல். அந்த எரிச்சலோடு கண்ணை மூடினேன். அவன் திட்டு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, என் இடத்தில் படுத்தான்.

*

கப்பல் திரும்புவதைப் பார்க்க ஒரே ஒரு ஜன்னல்தான் உண்டு. அதன் முன்னால் ஒரே ஓர் இருக்கை. நான் போனபோது ததேயு இருக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"வா எக்கா, உக்காரு. நான் தெனமும் பாத்ததுதான். நீ பாரு."

நான் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான். "ஜன்னல் சீட்டு உனக்குத்தான்ல. போன தடவ நீயாப் புடுங்கிக்கிட்ட. இந்தத் தடவ நான் குடுக்கேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். என் புருவம் எப்போதும் பொல்லாததுதான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு சொன்னா? காயல்காரியா?"

"ம்."

"லாத்தாவுக்கு வாய் சும்மாவே இருக்காது" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில் அவன் முகம் அழுவது எனக்குத் தெரிந்தது.

நன்றி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. இருக்கைக்குப் பின்னால் நின்று, சின்ன வயதில் சிக்கெடுப்பது போல அவனுடைய மிச்ச முடியைக் கோதிவிட்டேன். தூரத்தில் குழவி ஒரு புள்ளியாக, கண்ணுக்குத் தெரியாத கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல் மெல்லத் திரும்பத் தொடங்கியது.